தசைச் சிதைவு நோயில் மூச்சும் இதயமும்

தாணே இரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் காலை எட்டரை மணிக்கு ஏறியவர்கள் அறிவார்கள்: அங்கே மனிதன் தன் கால்களால் ஏறுவதில்லை; பின்னால் வரும் கூட்டமே அவனை ஏற்றிவிடுகிறது. அந்தக் கூட்டத்தாலும் ஏற்றிவிட முடியாத சிறுவன் ஒருவனை நான் பத்தாண்டுகளாக அறிவேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து வீடு அவனுடையது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, அங்கிருந்து தாணேக்குக் குடிபெயர்ந்த குடும்பம். ஆறு வயதில் அவன் படியேறும்போது சுவரைப் பற்றிக்கொள்வான். தரையில் உட்கார்ந்துவிட்டால், முழங்காலிலும் பிறகு தொடையிலும் கையை ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுவதுபோல எழுந்திருப்பான். கெண்டைக்கால் மட்டும் மல்லர்களுக்கு இருப்பதுபோல் பருத்திருக்கும். "பையன் பலசாலியாக வருவான்" என்று நாங்கள் கேலியும் செய்ததுண்டு. பன்னிரண்டாம் வயதில் சக்கர நாற்காலி வந்தது.

அன்றுமுதல் வீட்டாரும் உறவினரும் அண்டை வீட்டாராகிய நாங்களும் அவன் கால்களைப் பற்றியே பேசினோம். எந்த எண்ணெய் நல்லது, எந்த ஊரில் எந்த வைத்தியர் இருக்கிறார், காலுக்குப் பட்டை கட்டலாமா என்பதே பேச்சு. மார்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆனால் இந்நோயில் உயிருக்கு இறுதி வருவது காலாலன்று, மூச்சாலும் இதயத்தாலுமே. இதை அறியாதிருந்தவர்களில் நானும் ஒருவன். மருத்துவம் பயிலாத, உயிரியல் மட்டும் பயில்கின்ற நான் இக்கட்டுரை எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம். நம் மன்றத்துத் தோழர்களின் ஊரிலோ உறவிலோ இத்தகைய பிள்ளை ஒருவன் இருக்கக்கூடும் அன்றோ?

பந்தற் கயிறு

இந்நோயைப் பற்றி முதலில் தெளிவாக எழுதியவர் இலண்டன் மருத்துவர் எட்வர்டு மெரியன். 1851ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மருத்துவச் சங்கம் ஒன்றில் படித்த கட்டுரையில், ஒரே குடும்பத்து ஆண் பிள்ளைகள் அடுத்தடுத்து நலிவதையும், நரம்பும் முதுகுத்தண்டும் பழுதின்றி இருக்கத் தசையிழையின் உறை மட்டும் சிதைந்து கிடப்பதையும் குறித்தார். பின்னர் 1868இல் பிரெஞ்சு மருத்துவர் துஷேன் பதின்மூன்று நோயாளிகளை விரிவாக வருணித்தார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. உண்மையில் பார்த்தால் மெரியனுக்கு இழைக்கப்பட்ட அநீதி இது. உறை சிதைகிறது என்று அவர் கண்ணாற்கண்டு சொன்னது எவ்வளவு சரி என்பது விளங்க 136 ஆண்டுகள் ஆயின.

1987இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எரிக் ஹாஃப்மன், லூயிஸ் கங்கெல் முதலிய விஞ்ஞானிகள், இப்பிள்ளைகளின் தசையில் ஒரு புரதம் அறவே இல்லை என்று கண்டனர். அதற்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயரிட்டனர். கல்யாணப் பந்தல் போட்டதைப் பார்த்திருப்பீர்கள். கால் நட்டு, கீற்று வேய்ந்து, இரண்டையும் கயிற்றால் பிணைப்பார்கள். கயிறு இல்லாவிட்டாலும் பந்தல் சற்று நேரம் நிற்கும். ஒரு காற்றடித்தால் கீற்று கிழிந்துபோகும். தசையிழையின் உள்ளே சுருங்கி விரியும் நார்களையும், வெளியே போர்த்தியிருக்கும் உறையையும் பிணைக்கும் கயிறுகளில் ஒன்றுதான் டிஸ்ட்ரோஃபின். அது இல்லாதபோது, தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் உறையில் சிறு கிழிசல் விழுகிறது. கிழிசல் வழியே சுண்ணாம்புச் சத்து உள்ளே பாய, இழை மடிகிறது. தொடக்கத்தில் உடல் புதிய இழைகளை உண்டாக்கி ஈடுகட்டப் பார்க்கும். சில ஆண்டுகளில் அந்த ஆற்றலும் வற்றி, தசை இருந்த இடத்தில் கொழுப்பும் தழும்பு நாரும் நிரம்பும். எங்கள் வீட்டுப் பிள்ளையின் பருத்த கெண்டைக்காலின் மருமம் இதுதான்.

இப்புரதத்தை ஆக்கும் மரபணு, மனிதனிடம் உள்ள மரபணுக்களில் மிக நீளமானவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 22 இலட்சம் எழுத்துகள் கொண்டது. நீண்ட ஏட்டைப் படியெடுத்தால் பிழை நேர்வது இயல்புதானே! இந்த ஏடு 'எக்ஸ்' குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு அது இரண்டு உண்டு. ஒன்றில் பிழையிருந்தாலும் மற்றொன்று பெரும்பாலும் காக்கும். ஆணுக்கு ஒன்றே உண்டு. ஆகையால் ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் இந்நோயுடன் பிறக்கின்றனர்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். "மருமகள் கொண்டுவந்த வியாதி" என்ற சொல்லை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். நோயுற்ற பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்பிழை தாயிடமிருந்து வந்ததன்று, புதிதாக நேர்ந்தது. எஞ்சியவர்களுக்குத் தாய்வழி வந்ததென்றாலும், அது அவள் அறிந்து கொடுத்த சீதனமா? தந்தை தன் நிறத்தையும் உயரத்தையும் எண்ணிக் கொடுத்தாரா? பழிசொல்லும் வாய் அதற்குப் பதில் அந்தத் தாயையும் ஒரு முறை இதயச் சோதனைக்கு அனுப்பிவைத்தால் பெரும் புண்ணியம். ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

துருத்தி ஓய்கிறது

மூச்சு என்றதும் நாம் நுரையீரலை நினைக்கிறோம். நுரையீரலுக்குத் தானாக விரியும் வலிமை கிடையாது. அது கொல்லன் உலையிலுள்ள துருத்தியின் தோற்பை போன்றது. பையை இழுத்து விரிப்பவை தசைகள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் உதரவிதானமே தலைமைத் தொழிலாளி. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் துணையாட்கள். வயிற்றுத் தசைகளுக்கு வேறொரு வேலை, இருமுவது. தசைச் சிதைவு நோயில் தோற்பை பழுதுபடுவதில்லை. துருத்தியை இழுக்கும் கைகள்தாம் தளர்கின்றன. ஆகவே மார்பு எக்ஸ்ரே தெளிவாகவே இருக்கும். "நெஞ்சில் சளியில்லை, நுரையீரல் சுத்தம்" என்ற சொல்லைக் கேட்டு வீட்டார் நிம்மதி அடைவர். அந்த நிம்மதி தவறானது.

இதனை அளக்க எளிய கருவி உண்டு, ஸ்பைரோமீட்டர் என்பர. முடிந்தமட்டும் மூச்சை இழுத்து, முடிந்தமட்டும் ஊதினால் வெளிவரும் காற்றின் அளவை அது காட்டும். வளரும் பிள்ளைக்கு இவ்வளவு ஆண்டுதோறும் ஏற வேண்டும். துஷேன் நோயுள்ள பிள்ளைக்கும் பத்துப் பன்னிரண்டு வயது வரை ஏறத்தான் செய்யும், பிறகு நின்றுவிடும், பிறகு இறங்கும். ஏறத்தாழ நடை நிற்கும் பருவமும் இதுவும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். நாற்காலியில் அமர்ந்தபின் முதுகு கோணத் தொடங்கினால் இறக்கம் இன்னும் விரைவாகும். ஐந்தாறு வயதிலிருந்தே ஆண்டுக்கொரு முறை ஊதிப் பார்க்கவேண்டும் என்று மருத்துவ நெறிகள் கூறுவதன் காரணம் இதுதான். ஏறிய காலத்துக் கணக்கு கையில் இருந்தாலன்றி, இறங்குவது எப்படித் தெரியும்? (நிற்க முடியாத பிள்ளையின் உயரத்தை எப்படிக் கண்டு கணக்கிடுவது என்று ஐயுறுவோருக்கு: இரு கைகளையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து உயரத்திற்கு ஈடாகக் கொள்வர்.)

இருமலைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இருமலை நாம் நோயாகவே எண்ணுகிறோம்; உண்மையில் அது காவற்காரன். நன்றாக இரும மூன்று செயல் வேண்டும்: ஆழ மூச்சிழுத்தல், குரல்வளையை மூடி உள்ளே அழுத்தம் சேர்த்தல், வயிற்றுத் தசையை வெடுக்கெனச் சுருக்கித் திறத்தல். உடல்நலமுள்ள வாலிபன் இருமும்போது காற்று நிமிடத்திற்கு 400 லிட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயும். அது 270க்குக் கீழே போனால், சாதாரணச் சளிக்காய்ச்சல் வந்தாலும் சளியைத் தானே வெளியேற்ற முடியாத நிலை வரலாம். 160க்குக் கீழே போனால், காய்ச்சல் இல்லாத நாளிலும் சளி தங்கிவிடும். மும்பாய் மழைக்காலத்தில் நமக்கு மூன்று நாள் தும்மலாக வந்துபோகும் ஒன்று, அப்பிள்ளைக்கு நிமோனியாவாக முடிவது இவ்வாறுதான். இதற்கு அரிய மருந்து ஒன்றும் வேண்டியதில்லை. அவசர ஊர்திகளில் கையால் பிதுக்கும் காற்றுப்பை இருக்கிறதே, அதைக்கொண்டு மூச்சின்மேல் மூச்சாக இரண்டு மூன்று தடவை மார்பை நிரப்பி, அவன் இருமும் கணத்தில் வயிற்றை மேல்நோக்கி அழுத்திக் கொடுத்தால் இருமலின் வேகம் வெகுவாக உயரும். பழகிக்கொண்ட தாய் வீட்டிலேயே இதைச் செய்யலாம்.

அடுத்தது இரவு. கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் பெரும்பாலும் தளர்ந்து கிடக்கும். அது இயற்கையின் ஏற்பாடு. அப்போது விலாத் தசைகள் விடுப்பெடுத்துக்கொள்ள, உதரவிதானம் ஒன்றே மூச்சின் பாரம் முழுவதையும் சுமக்கிறது. அதுவே தளர்ந்திருந்தால்? மூச்சு ஆழம் குறையும். கரியமிலவாயு குருதியில் தேங்கும். தேங்கிய கரியமிலவாயு மூளையின் இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால் விடியற்காலையில் தலைவலி வரும். உறக்கம் துண்டுதுண்டாவதால் பகலில் கண் சொருகும். பசி குறையும், உடல் மெலியும், கெட்ட கனவு வரும். இத்தனையும் பகலில் மூச்சுத் திணறல் சிறிதும் இல்லாதபோதே தொடங்கிவிடும்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பதினைந்தாம் வயதில் இது தொடங்கியது. "ராத்திரி பத்துத் தடவை திருப்பிப் போடச் சொல்றான் தம்பி, விடிஞ்சா தலைவலிங்கிறான்" என்று அவன் தாய் என்னிடம் சொன்னார்கள். பள்ளியில் தூங்குகிறான் என்று ஆசிரியர் எழுதி அனுப்பினார். கண்ணில் கோளாறு என்று முடிவுகட்டி, நான்தான் கூடச் சென்று மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தேன்! இரண்டு மாதம் கழித்து மழைக்காலக் காய்ச்சல் கண்டது. பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். விரலில் மாட்டும் கருவி பிராணவாயு குறைவு என்று காட்டவே, பிராணவாயுக் குழாயை மூக்கில் வைத்துவிட்டுப் போய்விட்டனர். கருவி 98 காட்டியது; எல்லோரும் மகிழ்ந்தோம். பிள்ளையோ மேலும் மேலும் ஆழ்ந்து உறங்கினான். களைப்பில் தூங்குகிறான் என்று போர்வையை இழுத்துப் போர்த்தினோம். அன்றிரவு வேறு வேலையாக அங்கே வந்த ஓர் இளம் மருத்துவர் அவன் நோயின் பெயரைக் கேட்டதும், குருதியில் கரியமிலவாயுவை அளக்கச் செய்தார். அது அளவுமீறி ஏறியிருந்தது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் இயந்திரம் பொருத்தப்பட்டபின், சில மணி நேரத்தில் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான்.

கொரோனாக் காலத்திற்குப் பிறகு விரற்கருவி நம்மவர் பல வீடுகளில் இருக்கிறது. அது பிராணவாயுவை மட்டுமே காட்டும், கரியமிலவாயுவைக் காட்டாது. துருத்தி தளர்ந்தவனுக்குப் பிராணவாயுவை மட்டும் கொடுத்தால் எண் அழகாக ஏறும். உள்ளே கழிவு தேங்குவது மறைந்துவிடும். மூச்சைத் தூண்டும் உந்துதலும் சிலருக்கு மேலும் மங்கும். இவர்களுக்கு முதலில் வேண்டியது காற்றோட்டம். பிராணவாயு தேவைப்பட்டால் அதனோடு சேர்த்துத்தான். இந்த ஒரு செய்தியை இக்கட்டுரையிலிருந்து நீங்கள் எடுத்துச் சென்றாலும் எனக்குப் போதும்.

மூச்சை இயந்திரத்தால் நடத்தும் கலை எப்படிப் பரவியது என்பதில் மாணவர்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றுண்டு. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொள்ளைநோயாக வந்தது. மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் நாள்தோறும் வந்து குவிந்தனர். இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. இப்ஸன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் பிதுக்கிக் காற்றூட்டலாம் என்று காட்டினார். யார் பிதுக்குவது? பல்கலைக்கழக மாணவர்கள் வந்தனர். ஏறத்தாழ 1,500 பேர், முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து பையைப் பிதுக்கினர். இன்று இரவில் முகமூடியணிந்து உறங்கும் ஒவ்வொரு பிள்ளையின் கருவியும் அந்த மாணவர் கைகளின் வழித்தோன்றலே எனலாம்.

அதன் பயனை ஒரு கணக்கு காட்டும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் துஷேன் நோயாளிகளைப் பற்றி 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1960களில் அவர்கள் இறந்த சராசரி வயது 14.4. 1990க்குப் பின் வீட்டிலேயே இரவுக் காற்றூட்டம் பெற்றவர்களுக்கு அது 25.3. நோயை நீக்கும் மருந்து இடையில் ஒன்றும் வரவில்லை. துருத்திக்கு ஒரு துணைக்கை கிடைத்தது, பதினோராண்டு கூடிற்று.

ஒளிந்திருக்கும் இதயம்

மூச்சைக் காத்துக்கொண்டபின் எதிர்ப்பட்டது இதயம். இதயமும் தசைதானே? அங்கும் அதே பந்தற் கயிறு இல்லை. காலுக்கு ஓய்வு உண்டு; இதயத்திற்கு ஏது? பதினெட்டு வயதைக் கடந்த துஷேன் நோயாளிகளில் இதயம் அறவே பாதிக்கப்படாதவரைக் காண்பது அரிது. இடது கீழறையின் பின்புறச் சுவரில், அதுவும் வெளிப்பக்கத்தில், முதலில் தழும்பு விழுகிறது. பிறகு சுவர் மெலிந்து, அறை விரிந்து, பிதுக்கும் வலிமை குன்றுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், நோய் தன்னைத் தானே மறைத்துக்கொள்வதுதான். நமக்கு இதயம் தளர்ந்தால் படியேறும்போது மூச்சு வாங்கும், மருத்துவரிடம் ஓடுவோம். நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்குப் படி ஏது? ஓடாதவனுக்கு ஓட்டத்தில் இளைப்பு எப்படித் தெரியும்? ஆகவே அவன் இதயம் பாதி வலிமை இழந்தபின்னும் "நெஞ்சில் ஒன்றுமில்லை" என்றே சொல்வான். பொய்யன்று, அவனுக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு வயிற்றுவலி, குமட்டல், சோர்வு என்று வேறு வேடத்தில் வரும். சும்மா இருக்கும்போதே நாடி நிமிடத்திற்கு நூறைத் தாண்டுவது ஒரு குறிப்பு. இதய மின்வரைபடம் தொடக்கத்திலேயே சில மாறுதல்களைக் காட்டும். எக்கோ என்ற ஒலியலைப் படம் வலிமையை அளக்கும். காந்தப் படமோ, வலிமை குறையுமுன்பே தழும்பைக் காட்டிவிடும். நோய் கண்டறிந்த அன்றே ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும் என்பது இன்றைய நெறி.

முன்கூட்டி அறிந்து என்ன பயன் என்று கேட்பவருக்குப் பிரான்சில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். இதய வலிமை இன்னும் குறையாத, ஒன்பதரை முதல் பதின்மூன்று வயதுள்ள 57 பிள்ளைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பெரிண்டோப்ரில் என்ற மாத்திரை. மற்றதற்கு மருந்தற்ற மாத்திரை. மூன்றாண்டுக்குப் பின் இரு பிரிவாருக்கும் உண்மை மருந்தே கொடுக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து எண்ணியபோது, முதலிலிருந்தே மருந்துண்ட 28 பேரில் 26 பேர் உயிருடனிருந்தனர். பிந்தித் தொடங்கிய 29 பேரில் 19 பேர். சிறிய ஆய்வுதான், எண்களை மிகைப்படுத்தக் கூடாது. ஆயினும் இரத்தக் கொதிப்புக்கு நம் தாத்தாக்கள் விழுங்கும் மாத்திரை வகையைச் சேர்ந்த ஒன்று, அதுவும் விலை மலிந்த ஒன்று, காலத்தே தொடங்கினால் இதயத்திற்குத் துணை நிற்கும் என்பது தெளிவு. பத்து வயதிற்குள் இவ்வகை மருந்தைத் தொடங்குவதைப் பற்றி மருத்துவருடன் பேசவேண்டும் என்று 2018இல் வெளியான பன்னாட்டு நெறி கூறுகிறது.

மூச்சும் இதயமும் தனித்தனிக் கதையல்ல. இரவில் பிராணவாயு குறையும்போது நுரையீரலின் குழாய்கள் இறுகுகின்றன. இதயத்தின் வலப்பக்கத்திற்குச் சுமை கூடுகிறது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலோ, ஏற்கெனவே தளர்ந்த துருத்தி கனமான பையை இழுக்க நேரிடுகிறது. இரண்டு நொண்டிகள் ஒருவர் தோளில் மற்றவர் சாய்ந்து நடப்பது போன்ற நிலை.

தாயைப் பற்றிச் சொன்னேனே, அது இதுதான். ஒரு குரோமோசோமில் பிழையைச் சுமக்கும் பெண்ணின் கைகாலில் தளர்ச்சி இல்லாவிடினும், நடுவயதில் அவள் இதயத் தசை நலியக்கூடும். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொரு முறை அவளுக்கும் சோதனை வேண்டும். மகனைத் தூக்கித் தூக்கியே இளைக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

பெயர் அறிதல்

தசை நோய் என்பது ஒரு நோயன்று, ஒரு குலம். ஒவ்வொன்றும் நெஞ்சை ஒவ்வொரு விதமாகத் தாக்குகிறது. டிஸ்ட்ரோஃபின் அரைகுறையாக இருக்கும் பெக்கர் நோயில், நடந்துகொண்டிருக்கும் வாலிபனின் இதயம் கால்களை முந்திக்கொண்டு தளர்வதுண்டு. கையை இறுக மூடினால் திறக்கத் தாமதமாகும் மயோடோனிக் நோயிலும், முழங்கை இளமையிலேயே மடங்கிப்போகும் எமரி–டிரைஃபஸ் நோயிலும் இதயத்தின் மின்னோட்டப் பாதையே பழுதாகிறது. திடீர் மரணம் நேரலாம். காலத்தே பொருத்திய பேஸ்மேக்கர் கருவி உயிர் காக்கும். பாம்பே என்ற டச்சு மருத்துவர் 1932இல் விளக்கிய நோயில், எழுந்து நடமாடும் மனிதனுக்கு உதரவிதானம் ஓய்ந்துபோயிருக்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். (நம் பம்பாய்க்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை!)

நெஞ்சுக்கு நல்ல செய்தி தரும் நோயும் ஒன்றுண்டு; அதன் கதை நம் மும்பாயிலேயே நடந்தது. இடுப்பையும் தோளையும் பற்றும் ஒருவகைத் தசைச் சிதைவு, அகர்வால் வகுப்பினரிடையே மிகுதியாகக் காணப்படுவதை இந்நகர நரம்பியல் மருத்துவர் சதீஷ் காடில்கர், மரபணு ஆய்வாளர் ரஷ்ணா தஸ்தூர் முதலியோர் கவனித்தனர். அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2013இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, கால்பைன் என்ற புரதத்தின் மரபணுவில் பழைய மூதாதையரிடமிருந்து இறங்கிவந்த இரண்டு பிழைகளை அடையாளம் காட்டியது. இந்நோயில் இதயம் பொதுவாகத் தப்பிவிடுகிறது; மூச்சுக்குத்தான் காவல் வேண்டும். இதனோடு பார்வைக்கு ஒத்திருக்கும் சார்கோகிளைக்கன் நோய்களிலோ இதயமும் தாக்கப்படலாம். இரு நோயாளிகளும் ஒரே மாதிரி நடப்பார்கள். ஒருவன் ஆண்டுதோறும் இதயத்தைச் சோதித்தே தீரவேண்டும். மரபணுச் சோதனை ஆடம்பரமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அகர்வால்கள் சொந்தக் கோத்திரத்தில் மணப்பதில்லை. ஆயினும் தம் வகுப்புக்குள்ளேயே நூற்றாண்டுகளாக மணந்துவந்ததால் பழைய பிழை இருபுறமிருந்தும் வந்து சேர்கிறது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் தமிழர்களாகிய நாம், அதுவும் கடல்போன்ற இந்நகரத்தில் வாழ்ந்துகொண்டே ஊரிலிருந்து அதே நாலு வீட்டுக்குள் பெண் தேடும் நாம், இதைப் படித்துவிட்டுச் சற்று யோசிக்கலாம். துஷேன் நோய்க்கு நெருங்கிய உறவு மணம் காரணமன்று. அதையும் இதையும் குழப்பக்கூடாது. இருபுறமும் பிழை சேர்ந்தால்தான் வரும் நோய்களுக்கு அது வழி திறந்துவிடுகிறது.

இதயத் தசையைப் பற்றிப் பேசுகையில் மதுரையை மறப்பதற்கில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடங்கிய தண்டபாணி முதலியோர் 2009இல் வெளியிட்ட கட்டுரை, இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் காணப்படுவதையும், பிற்காலத்தில் இதயம் தளர்வதோடு அது தொடர்புற்றிருப்பதையும் காட்டியது. கைகால் தசையைத் தொடாமல் இதயத்தை மட்டும் தொடுவதால் இது வேறு கிளை. சுமப்பவர் எல்லோரும் நோயுறுவதுமில்லை.

தமிழகத்தில் கோயம்புத்தூரில் டாக்டர் பி. ஆர். லட்சுமி நிறுவிய எம்.டி.சி.ஆர்.சி. நிலையம் இப்பிள்ளைகளுக்கு மரபணுச் சோதனையும் ஆலோசனையும் அளித்துவருகிறது. சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்ற சகோதரிகள், தாங்களே தசைச் சிதைவால் நடக்க இயலாத நிலையில், 2009இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கித் தம்மைப் போன்றோருக்குப் புகலிடம் அமைத்தனர். மூத்தவர் 2017இல் மறைந்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இந்நோயைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. சான்றிதழ் பெறத் தயங்கவேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை விடுபட்டுவிட்டது. பல் பிடுங்குவதோ எலும்பு முறிவோ, எதற்காக மயக்கம் கொடுக்க நேர்ந்தாலும், நோயின் பெயரை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தி மருந்து இவர்களுக்கு இதயத்தை நிறுத்திவிடக்கூடும். எங்கள் வீட்டுப் பிள்ளையின் நாற்காலிப் பையில் நோயின் பெயர், ஆகாத மருந்து, "பிராணவாயு மட்டும் கொடுக்காதீர், காற்றூட்டம் வேண்டும்" என்ற குறிப்பு மூன்றும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று இப்போது தொங்குகிறது. எழுதியவன் நான்.

அவனுக்கு இப்போது பதினாறு வயது. இரவில் முகமூடி, காலையில் தலைவலி இல்லை. மூக்குக்கண்ணாடி அலமாரியில் கிடக்கிறது. ஆறு மாதத்திற்கொரு முறை ஊதிப் பார்க்கிறார்கள். இடையில் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. சடுகுடு ஆடியவர்களுக்கு இது புரியும்: பாடிக்கொண்டு போகிறவன் மூச்சு விட்டால் ஆட்டமிழந்தான். அதுபோல ஆழ மூச்சிழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று ஒரே சீராக எண்ணவேண்டும். உடல்நலமுள்ளவர் ஐம்பதை எட்டுவர். பதினைந்தைத் தாண்டத் திணறினால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும். ஸ்பைரோமீட்டருக்கு இது ஈடாகாது. போனமாதத்திற்கு இந்தமாதம் எப்படி என்று பார்க்க உதவும். அவன் முதலில் ஆங்கிலத்தில் எண்ணி முப்பதைத் தொட்டான். மறுமாதம் தமிழில் எண்ணி இருபத்திரண்டில் நின்றதும் தாய் பதறிவிட்டார்கள். பிறகுதான் விளங்கிற்று: 'இருபத்தொன்று' என்று சொல்வதற்கே பாதி மூச்சு போய்விடுகிறது! எந்த மொழியில் எண்ணினாலும் மாதாமாதம் அதே மொழியில் எண்ணவேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அவன் தமிழையே வைத்துக்கொண்டான். சென்ற ஞாயிற்றுக்கிழமை இருபத்துமூன்று. நடுவில் 'பதினெட்டை' விழுங்கிவிட்டான் என்பது அவன் தங்கையின் புகார்.